சுண்ணாம்புக்குத் தோற்றவன் எல்லாம் ஒரு வில்லனா?

வாசகர் கேள்வி, 2024 மே 4

"ஆளாளுக்கு ஸ்டாரோ, ஸ்டாரோ என்கிறீர்களே என்று முதல் கதையைத் தேடிப் படித்தேன். விண்வெளியிலிருந்து ஒரு ராட்சத நட்சத்திர மீன் வருகிறது. ஓர் ஊரையே வசப்படுத்துகிறது. கடைசியில் புல்தரைக்குத் தூவுகிற சுண்ணாம்பில் முடங்கிப்போகிறது. இதைவிட மட்டமான முடிவு காமிக்ஸில் உண்டா? மனதைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம் என்று பார்த்தால், அதே டிசி காமிக்ஸின் பெரிய வில்லன் டார்க்சைடின் கால்தூசி பெறுமா இவன்?"

மே 4, இரவு

பெறுவான். கால்தூசி என்ன, காலே பெறுவான்.

முதலில் கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் ஸ்டாரோ வருகிற 2021 'தி சூசைட் ஸ்குவாட்' படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது தெரிகிறது. 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 28ஆம் இதழ், 1960 பிப்ரவரி-மார்ச், விலை 10 சென்ட். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் மைக் செகோவ்ஸ்கி. ஜஸ்டிஸ் லீக் என்ற கூட்டணி முதன்முதலாக வந்ததே இந்த இதழில்தான். இத்தனை சூரர்களைக் கூட்டி வைத்து முதல் எதிரியாக யாரை நிறுத்துகிறார்கள் என்றால், கடலில் கிடக்கிற ஐந்து கை ஜந்து ஒன்றை! அந்தத் துணிச்சலுக்கே நான் எழுந்து நிற்பேன். செய்தியைக் கூட்டணியின் கடல் நாயகன் அக்வாமேனிடம் கொண்டுவருவது பீட்டர் என்கிற பேத்தை மீன். நம் கரையில் வலையில் விழுந்தால் தூக்கி எறிகிற அதே பேத்தைதான்.

ஸ்டாரோ பூமியின் நட்சத்திர மீன்கள் மூன்றைத் தன்னைப் போலவே ஆக்கி ஏவிவிடுகிறான். ஒன்று விமானத்திலிருந்து அணுகுண்டைப் பறிக்கப் போகிறது. ஒன்று விஞ்ஞானிகளைக் கட்டடத்தோடு தூக்கப் போகிறது. மூன்றாவதுதான் நம் விஷயம். ஹேப்பி ஹார்பர் என்ற சிற்றூருக்குப் போய் ஊரையே மயக்கி வைக்கிறது. ஸ்னாப்பர் கார் என்ற பையன் மட்டும் மயங்கவில்லை. காரணம், அவன் அப்போதுதான் வீட்டுப் புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டாரோவைச் சுண்ணாம்பால் மூடி முடிக்கிறார்கள். பையன் கௌரவ உறுப்பினர் ஆகிறான்.

இது மட்டமான முடிவு என்கிறவர் சுண்ணாம்பை வெற்றிலைக் கடையில் மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும்.

மே 5, காலை

ராத்திரி கோபத்தில் பாதியில் விட்டுவிட்டேன். நான் சொல்ல வந்தது இதுதான். திசையன்விளைப் பக்கம் பனங்காட்டில் பிறந்த எவனுக்கும் அந்த முடிவு சிரிப்பாக இருக்காது. பனையிலிருந்து இறங்குகிற சாறு ஒன்றுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். ஒன்றைக் குடித்தால் வயிறு குளிரும். இன்னொன்றைக் குடித்தால் புத்தி உங்களிடம் இருக்காது. நடுவில் நிற்பது விரலளவு சுண்ணாம்பு. கார்ட்னர் ஃபாக்ஸ் பனைமரத்தைப் பார்த்தாரோ இல்லையோ, விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

மே 5, மாலை

"அமெரிக்க எழுத்தாளருக்குப் பதநீர் எப்படித் தெரியும், சும்மா அள்ளிவிடாதீர்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பதநீர் தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிப்பி தெரிந்திருக்கும். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் கடற்பகுதியில் சிப்பி வளர்க்கிறவர்களுக்கு நட்சத்திர மீன்தான் பரம வைரி. பாத்திப் பாத்தியாகத் தின்று தீர்த்துவிடும். அதைக் கொல்ல அவர்கள் கடலுக்குள் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினார்கள். 1930களிலேயே இது நடந்தது. சுண்ணாம்புத் துகள் முதுகில் பட்டால் தோல் வெந்து புண்ணாகி, புண் பரவிச் செத்துவிடும். ஃபாக்ஸ் பிறந்தது புரூக்ளினில். ஊர்ப்பக்கத்துச் செய்தியை எடுத்துக் கதையில் வைத்தார் என்பது என் ஊகம்.

அதற்கும் முன்னால் சிப்பிக்காரர்கள் கையில் சிக்கிய நட்சத்திர மீனைக் கண்டதுண்டமாக வெட்டிக் கடலிலேயே வீசுவார்களாம். நடுப்பகுதியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், துண்டு திரும்ப முழுசாக வளரும். ஒன்றைக் கொன்று இரண்டாக்கியிருக்கிறார்கள். ஸ்டாரோ திரும்பத் திரும்ப வருகிற ரகசியம் அங்கேயே இருக்கிறது.

மே 5, இரவு 11 மணி

திருத்தம். நான் ஒரு பள்ளியில் 31 வருடம் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தவன், இந்தப் பிழையைச் செய்திருக்கக் கூடாது. கதையில் வருவது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. கலயத்தில் தடவுவது தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைத் தண்ணீரில் போட்டால் புசுபுசுவென்று கொதிக்கும், சூடு பறக்கும். அந்தப் பையன் வெறுங்கையில் அதை அள்ளித் தூவியிருந்தால் ஸ்டாரோவுக்கு முன்னால் அவன் கை வெந்திருக்கும். புல்தரைக்கு யாரும் சுட்ட சுண்ணாம்பைப் போடுவதாகத் தெரியவில்லை. இதை ஃபாக்ஸின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், சுண்ணாம்பின் கணக்கில் அல்ல.

மே 7

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "சரி, சுண்ணாம்பை விடுங்கள். இதில் தொழில்நுட்பம் எங்கே? வெறும் மனவசியம்தானே? டார்க்சைடிடம் சமன்பாடு இருக்கிறது, தலைக்கவசம் இருக்கிறது" என்கிறார்.

நியாயமான கேள்விதான். 1960 கதையில் ஸ்டாரோ வெறும் கண்ணாலும் கதிராலும் காரியத்தை முடிக்கிறான். முகத்தில் ஒட்டிக்கொள்கிற குட்டி மீன்கள் அதில் கிடையவே கிடையாது. அவை 1981இல் 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' 189, 190ஆம் இதழ்களில் வந்த சேர்க்கை. இன்று ஸ்டாரோ என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது அதுதான்: வாய், மூக்கு, கண் எல்லாவற்றையும் மூடியபடி ஒரு நட்சத்திரம், நடுவில் இமைக்காத ஒற்றைக் கண். ஆளுக்குக் கண் மறைந்துவிட்டது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் பிடிக்காது என்று எழுத வந்தேன். எழுதும்போதே முதுகு கூசுகிறது. ஆக, பிடித்திருக்கிறது போலும்.

2009இல் 'ரெபெல்ஸ்' தொடரில் இவனை மனித உருவமாக்கி, மார்பில் ஒரு நட்சத்திர மீனைப் பதித்து, தலைவன் என்று நிறுத்தினார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. பேத்தை மீனே மேல்.

மே 8

கயத்தாற்று அண்ணாச்சி ஒருவர் கேட்கிறார்: "முகத்தில் ஒட்டினால் வசமாவது தொழில்நுட்பம் என்றால், எங்கள் ஊர்ச் சந்தையில் விற்கிற வசிய மையும் தொழில்நுட்பமா?"

மை நெற்றியோடு நின்றுவிடுகிறது, அண்ணாச்சி. விற்றவனுக்குத்தான் அதனால் பலன்.

மே 11

பதநீர் விஷயத்தை ஒரு வரியில் சொன்னது பலருக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. சென்னையிலிருந்து ஒருவர் "சுண்ணாம்பு கலந்த பானத்தையா குடிப்பீர்கள்" என்று முகம் சுளித்திருக்கிறார். ஆகையால் முழுசாகச் சொல்கிறேன்.

1977, சித்திரை வெயில். தாத்தா பனையேறி. குத்தகைக்கு எடுத்த விளையில் நாற்பது மரம் போலக் கட்டியிருந்தார். விடியலுக்கு முன்னே ஏறி இறக்குவார், சாயந்தரம் திரும்ப ஏறிப் பாளையைச் சீவிவிட்டு வருவார். இடுப்பில் அருவாப்பெட்டி. இறக்கியது விடிலிக்குப் போகும். பாட்டி அங்கே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவாள். பள்ளி விடுமுறையில் என் வேலை ஒன்றே ஒன்று: கழுவிக் கவிழ்த்த கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவுவது. ஒரு சட்டியில் சுண்ணாம்பு மோர் பதத்தில் கரைத்திருக்கும். கையை விட்டால் விரலிடுக்கு அரிக்கும் என்று நார் சுற்றிய குச்சி ஒன்று கொடுத்திருந்தார். கலயத்தின் வாய் வழியாகக் குச்சியை விட்டு, அடியில் ஒரு சுற்று, வயிற்றில் ஒரு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் வெள்ளை மங்கலாகப் படிந்தால் போதும். அதிகமானால் பதநீர் நாக்கைச் சுடும். குறைந்தால் மதியத்துக்குள் நுரைத்துவிடும். "கைக்குத் தெரியும்" என்பார். எனக்குத் தெரியவில்லை.

அன்று கையில் முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டு மறைகிற கட்டம். சிவகாசியில் அச்சாகி எங்கள் பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடை வரைக்கும் வந்துசேர்ந்த புத்தகம். அதில் பாதிக் கண், கலயத்தில் பாதிக் கண். நாலு கலயம் சுண்ணாம்பில்லாமலே மரமேறிவிட்டது. எது எது என்று எனக்கே தெரியாது, சொல்லப் பயம், சொல்லவில்லை.

மறுநாள் வெயிலேறிய பிறகு தாத்தா ஒரு கலயத்தை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே வெள்ளை நுரை, சின்னச் சின்னக் குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது. புளித்த வாடை. அவர் முகம் மாறியது என்மேல் கோபத்தால் மட்டுமல்ல. மதுவிலக்கு இருந்த காலம் அது. கலயத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துச் சுண்ணாம்பு இல்லையென்றால் கள் இறக்குகிறான் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் எல்லாப் பனையேறிக்கும் இருந்தது. மூன்று கலயத்தை மணலில் கவிழ்த்தார். நாலாவதை நான் மறைத்துவிட்டேன்.

குடித்தேன். குடிக்கப் பனையோலைப் பட்டை மடிக்கவும் பொறுமையில்லை, கலயத்தோடு. புளிப்பும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவந்த தேரி மணல் மேலும் கீழும் மூச்சுவிட ஆரம்பித்தது. பாட்டி கூப்பிட்டாள். எழுந்து போக வேண்டும் என்று தெரிகிறது. கால் எழுந்திருக்க மறுக்கவில்லை, அது யாருடைய காலோ போல இருந்தது. பிறகு நான் சிரித்துக்கொண்டே பாட்டியிடம் எல்லா உண்மையையும், கேட்காத உண்மைகளையும் சேர்த்து, சொன்னேனாம். மாயாவி புத்தகம் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பது உட்பட.

ஹேப்பி ஹார்பர் மக்களின் முகத்தை செகோவ்ஸ்கி வரைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால் நினைவுக்கு வரும்.

மே 12

அடி விழுந்ததா என்று கேட்கிறார்கள். விழுந்தது. அடுத்த கேள்வி.

மே 12, இரவு

கயத்தாற்று அண்ணாச்சி சரியான இடத்தில் குத்தியிருக்கிறார். "கலயத்தில் தடவிய சுண்ணாம்பு சாறு கள்ளாகாமல் காக்கும். கள்ளாகிப்போன பிறகு அதே சுண்ணாம்பைக் கொட்டினால் திரும்பப் பதநீர் ஆகுமா? குடித்தவன் வாயில் சுண்ணாம்பை அப்பினால் போதை தெளியுமா? வாய்தான் வேகும். உம் உவமை பாதியில் நிற்கிறது" என்கிறார்.

நாள் முழுக்க யோசித்தேன். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதி. ஸ்னாப்பர் விஷயத்தில் உவமை அப்படியே பொருந்துகிறது: மயக்குவதற்கு முன்பே அவன் மேல் சுண்ணாம்பு இருந்தது, ஆகவே மயங்கவில்லை. அவன் தடவிய கலயம், ஊர் தடவாத கலயம். ஸ்டாரோவை மூடுகிற முடிவுதான் வேறு கணக்கு. அது லாங் ஐலண்ட் சிப்பிக்காரன் கணக்கு. ஃபாக்ஸ் இரண்டு சுண்ணாம்பையும் ஒரே சட்டியில் கரைத்துவிட்டார். நானும் அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

நீர் ஆய்வகத்தில் இருந்திருக்க வேண்டியவர், அண்ணாச்சி.

மே 19

உவரிக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கரையில் நடந்தபோது வலையிலிருந்து உதறிப்போட்ட குப்பையில் ஒரு நட்சத்திர மீன் கிடந்தது. உள்ளங்கை அகலம். செத்திருக்கும் என்று புரட்டினேன். அடிப்பக்கம் ஒவ்வொரு கையிலும் நடுவே ஒரு வாய்க்கால், அதில் வரிசையாக நூல் நுனி போன்ற கால்கள், எல்லாம் மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தன. ஸ்டாரோவுக்குக் கண் வைத்திருக்கிற இடத்துக்கு நேர் அடியில் இதற்கு வாய் இருக்கிறது. கண்கள் கைகளின் நுனியில், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. நடுவில் பெரிய கண் வைத்தது ஓவியரின் வேலை, கடலின் வேலை இல்லை.

இதற்கு மூளை என்று ஒன்று கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைக்கு ஒரு நரம்பு, அவ்வளவுதான். மூளையே இல்லாத ஜந்து ஊரார் மூளையை ஆள்கிறது என்று கதை. எனக்கு அதில் ஒரு குறும்பு தெரிகிறது. தனக்கு ஒன்று இருந்திருந்தால் அடுத்தவனுடையதற்கு எதற்கு ஆசைப்படப் போகிறான்?

இன்னொன்று. கையில் எடுத்தபோது முதுகு சொரசொரவென்று கல்லாக இருந்தது. இருக்கத்தான் செய்யும். தோலுக்கடியில் இருக்கிற சில்லுகள் எல்லாம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். கொலையுண்டவன் உடம்பும் கொன்ற ஆயுதமும் ஒரே கல்லின் பிள்ளைகள். காளவாயில் சுட்டது ஒன்று, சுடாதது ஒன்று. 31 வருடம் சுண்ணாம்பு நீரில் பிள்ளைகளை ஊதச் சொல்லி, பால் போலக் கலங்குவதைக் காட்டியவன் நான். அந்தக் கலங்கலும் இதே கல்தான். இது இத்தனை நாள் தோன்றாமல் போனதே.

மீனைத் தண்ணீரில் விட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "அதை எதற்குத் திரும்ப விடுகிறீர்கள், சிப்பியெல்லாம் தின்னும்" என்றார். லாங் ஐலண்டுக்காரர் மாதிரியே பேசினார்.

மே 21

மறுபடி திருத்தம். மூளை இல்லை என்றது சரி. அதைத் தலையில்லாத ஜந்து என்று சிலர் புரிந்துகொண்டு கேலி செய்திருக்கிறீர்கள். 2023இல் வெளிவந்த மரபணு ஆய்வு தலைகீழாகச் சொல்கிறது: நட்சத்திர மீனின் உடம்பில் தலைப்பகுதிக்குரிய மரபணுக்கள்தான் எங்கும் வேலை செய்கின்றன, நடு உடம்புக்கு உரியவை வெளித்தோலில் காணவே காணோம். ஆக அது கடலடியில் ஊர்ந்து திரிகிற தலை. மூளையில்லாத முழுத் தலை. நம்மில் சிலரையும் எனக்குத் தெரியும்.

மே 26

டார்க்சைடுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம், எனக்கு அவனையும் பிடிக்கும்.

ஜாக் கிர்பி 1970இல் கொண்டுவந்த ஆள். அவன் தேடுவது உயிர்மறுப்புச் சமன்பாடு. எது கையில் இருந்தால் எல்லா உயிரின் விருப்பத்தையும் அணைத்துவிடலாமோ அது. ஆனால் கேள்வி கேட்டவர் சொல்கிற தலைக்கவசம் சமன்பாட்டின் வழியாக வந்ததல்ல. 1971இல் 'ஃபாரெவர் பீப்பிள்' 3ஆம் இதழில் அவனுடைய ஆள் குளோரியஸ் காட்ஃப்ரே மேடையேறிப் பேசுகிறான். பேச்சு, வெறும் பேச்சு. கேட்ட கூட்டம் கவசத்தை வாங்கித் தானே தலையில் மாட்டிக்கொள்கிறது. கிர்பி இரண்டாம் உலகப் போரில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். எதைப் பார்த்து இதை வரைந்தார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆக அங்கே கவசம் தொழில்நுட்பம் இல்லை, பேச்சுதான் தொழில்நுட்பம். கவசம் ரசீது.

இப்போது நட்சத்திர மீனுக்கு வாருங்கள். அது சிப்பியை உடைப்பதில்லை. மேலே ஏறிக் கவிழ்ந்து, அந்த நூல் கால்களால் இரண்டு ஓடுகளையும் பிடித்து இழுத்தபடியே கிடக்கும். மணிக்கணக்கில். சிப்பியின் தசை சோர்ந்து ஒரு நூலிழை திறந்தால் போதும், தன் இரைப்பையையே வெளியே தள்ளி அந்த இடுக்கில் நுழைத்து, ஓட்டுக்குள்ளேயே செரித்துவிடும். கடைசியில் திறந்தது யார்? சிப்பி. காட்ஃப்ரேயின் கூட்டத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வில்லனையும் எதிரெதிரே நிறுத்தி இத்தனை நாள் சண்டை போட்டோம், இவர்கள் பங்காளிகள்.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் ஆட்கள் சொல்வதை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். அழகான வாக்கு. ஆனால் குளவிக்கூட்டை உடைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். புழு குளவியாவதில்லை, குளவிக்குஞ்சுக்குச் சோறாகிறது. செத்தால் கெட்டுவிடும் என்று உயிரோடு, அசையாமல் வைத்திருக்கிறது. ஸ்டாரோ கேட்டால் சந்தோஷப்படுவான்.

மே 27

கேள்வி கேட்டவர் "அப்படியானால் ஸ்டாரோ மட்டமில்லை, முடிவுதான் மட்டம்" என்று இறங்கி வந்திருக்கிறார். போதும். நானும் ஒரு படி இறங்குகிறேன்: பிற்காலக் கதைகளில் குளிரை அவனுடைய பலவீனமாக வைத்தார்கள். வேதியியல்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குளிரை ஒரு பையன் கையில் அள்ள முடியாது.

ஜூன் 9

சில நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. அந்த 28ஆம் இதழின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். அதற்காகத்தான் பரணில் ஏறினேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சிந்துபூந்துறை வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தாமிரபரணி கேட்காமலே உள்ளே வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. வடிந்த பிறகு தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர். அதுவும் நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்வதுதான், இந்த இழையில் சுண்ணாம்பு என்னை விடுவதாக இல்லை. கீழ்த்தட்டில் இருந்த காமிக்ஸ் எல்லாம் நனைந்தன. ஆச்சரியம் என்னவென்றால், பழைய முத்து காமிக்ஸ்கள் பிழைத்துக்கொண்டன. மட்டத் தாள், தண்ணீரைக் குடித்து வீங்கி, மொட்டைமாடி வெயிலில் அப்பளமாகக் காய்ந்து, படிக்கிற நிலையில் இருக்கின்றன. ஸ்டாரோ கதை நான் வைத்திருந்தது வழவழத் தாளில் வந்த மறுபதிப்பு. அது ஒரே செங்கலாக ஒட்டிக்கொண்டது. அப்படியே பரணில் போட்டிருந்தேன்.

நேற்று இட்லிக் கொப்பரையின் ஆவியில் காட்டி, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் ஆறு பக்கம் வந்தது. ஹேப்பி ஹார்பர் பக்கத்தில் மெல்ல இழுத்தபோது மை பெயர்ந்துவிட்டது. ஒரு பக்கத்து ஸ்டாரோவின் கண் அப்படியே கழன்று, எதிர்ப்பக்கத்து ஸ்னாப்பரின் முகத்தில் போய் ஒட்டியிருக்கிறது. சுரண்டினால் முகமும் சேர்ந்து வருகிறது.

படத்தை நாளைக்குப் போடுகிறேன். கேள்வி கேட்டவர் முதலில் பார்க்கட்டும்.